பழைய பறவைக் கூண்டுக்குப் புது பெயிண்ட்: அலகு எட்டும் இடமும் எட்டாத இடமும்

பறவைக் கூண்டுக்கு பெயிண்ட் அடிப்பதும் ஜன்னல் கிரில்லுக்கு பெயிண்ட் அடிப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். துருவை எடுக்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், அதன் மேல் எனாமல் இரண்டு கோட். ஆனால் கிரில்லை யாரும் கடித்துத் தின்பதில்லை. பட்ஜி, காக்டெய்ல் போன்ற சின்னக் கிளி வகைகள் கம்பியைப் பிடித்துத்தான் ஏறும், இறங்கும், பொழுது போகாவிட்டால் அதையே சுரண்டிக்கொண்டிருக்கும். அடித்த பெயிண்ட் எங்கே லேசாகப் பெயர்ந்திருக்கிறதோ அங்கேதான் அலகு முதலில் போகும்.

அதனால் என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூண்டின் சட்டம், கால்கள், ஸ்டாண்ட், தட்டின் அடிப்பக்கம், அலங்கார வளைவுகள் போன்ற அலகு எட்டாத இடங்களுக்குத் தாராளமாக பெயிண்ட் அடிக்கலாம். பறவை நாள் முழுக்கத் தொற்றி ஏறும் வலைக்கு, முடிந்தவரை பெயிண்ட் வேண்டாம். அந்த வலை கெட்டுப்போயிருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. மாற்றவே முடியாது, அடித்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

யாருக்காக இந்தக் கூண்டு?

காலிக் கூண்டை பால்கனியில் தொங்கவிட்டு உள்ளே மணி பிளாண்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் இப்படிக் கூண்டு வாங்குகிறவர்களில் பலர் அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள். அவர்கள் பழைய பெயிண்டைச் சுரண்டும் பகுதியை மட்டும் கவனமாகப் படித்தால் போதும். பழைய பெயிண்டில் இருக்கக்கூடிய ஈயம் பறவைக்கு மட்டுமல்ல, வீட்டில் தவழும் குழந்தைக்கும் விஷம்.

பறவை வாழப் போகிறது என்றால், எந்தப் பறவை என்று பாருங்கள். ஜீப்ரா ஃபின்ச், ஜாவா குருவி போன்றவை தானியம் கொறிப்பவை. கம்பியைக் கடிக்கும் பழக்கம் குறைவு. நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி கடிக்கும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் அதைவிட மோசம், அதன் அலகுக்கு மெல்லிய பெயிண்ட் படலம் ஒரு பொருட்டே இல்லை. காக்டெய்லுக்கு வலு அதிகம், ஆனால் குணம் பறவைக்குப் பறவை மாறும். இப்போது இருக்கும் கூண்டில் உங்கள் பறவை கம்பியைக் கடிக்கிறதா என்று சில நாள் கவனித்தாலே விடை தெரிந்துவிடும்.

பச்சைக்கிளிக்காக என்றால் வேலையையே தொடங்காதீர்கள். கிளி, மைனா, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்துக் கூண்டு இருக்கிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

கம்பி இடைவெளியையும் இப்போதே அளந்துவிடுங்கள். பட்ஜிக்கும் ஃபின்ச்சுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். காக்டெய்லுக்கு முக்கால் அங்குலம் வரை தாங்கும். இடைவெளியே சரியில்லாத கூண்டுக்கு பெயிண்ட் அடித்துப் பயன் இல்லை.

கூண்டு எதனால் ஆனது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு காந்தம் எடுத்து வையுங்கள். ஒட்டவில்லை, மஞ்சள் நிறம் என்றால் பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கடிக்கும் பறவைக்கு ஏற்றதல்ல, அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். புளி போட்டுத் தேய்த்து அப்படியே பளபளப்பாக விடுங்கள், பெயிண்ட் அடித்துக் கெடுக்க வேண்டாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. அந்த இரும்பு வெறும் கம்பியா, துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியா, தொழிற்சாலையில் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைப் பூசி அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைப்பது) செய்ததா என்று பார்க்க வேண்டும்.

ஜிஐ கம்பி மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். சில இடங்களில் மெழுகு வடிந்தது போலச் சிறு உருண்டைகள் தெரியும். பழையதாக இருந்தால் மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அது துத்தநாகத்தின் துரு. ஜிஐ வலையில் இந்தப் பொடியும் உருண்டையும்தான் ஆபத்து. பறவை அதைக் கொறித்து விழுங்கினால், தானியத்தை அரைக்கும் அரைவைப்பையில் அந்தத் துணுக்கு தங்கிவிடும். அங்கே அரைபட அரைபடத் துத்தநாகம் கரைந்து ரத்தத்தில் சேரும். புதுக் கூண்டு வாங்கிய சில வாரங்களில் பறவை சோர்ந்து சாவதற்கு இது தெரிந்த காரணங்களில் ஒன்று. கால்நடை மருத்துவர்கள் இதற்குப் புதுக்கம்பி நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூலைகளையும் இணைப்புகளையும் பாருங்கள். வெல்டிங் என்றால் கவலை இல்லை. பழைய கூண்டுகளில் பற்றவைப்பு, அதாவது சால்டரிங், இருக்கும். பிளேடால் கீறிப் பாருங்கள்: மெத்தென்று வெட்டுப்பட்டு உள்ளே வெள்ளியாக மின்னினால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே பெயிண்ட் பூசி மறைத்தாலும் கடிக்கும் பறவைக்கு அந்தக் கூண்டு வேண்டாம். என்னைக் கேட்டால், ஈயப் பற்றுள்ள கூண்டு செடி வைக்கத்தான்.

பவுடர் கோட்டிங் செய்த கூண்டில் படலம் அழுத்தமாகப் பிடித்திருந்து, ஓரிரண்டு இடத்தில் மட்டும் துரு என்றால் முழுக் கூண்டையும் சுரண்டாதீர்கள். நல்ல பவுடர் கோட்டிங்கை விட வீட்டில் பிரஷ்ஷால் அடிக்கும் எந்த பெயிண்டும் உறுதியில் குறைவுதான். கெட்ட இடத்தை மட்டும் சரி செய்தால் போதும்.

அடுத்து பழைய பெயிண்ட். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். வயது தெரியாத கூண்டு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாள் கூடாது, கிரைண்டர் கூடாது, ஹீட் கன்னும் ஊதுவிளக்கும் கூடவே கூடாது. தூளும் புகையும் நேராக நெஞ்சுக்குள் போகும்.

எந்த பெயிண்ட், எந்த நிறம்

கடையில் "பறவைக்குப் பாதுகாப்பான பெயிண்ட்" என்று கேட்டால் விழிப்பார்கள். குழந்தைகளின் பொம்மைக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். டப்பாவிலோ தொழில்நுட்பத் தாளிலோ ஐஎஸ் 9873 பகுதி 3 அல்லது ஈஎன் 71-3 என்று போட்டிருந்தால் நல்லது. காய்ந்த படலத்திலிருந்து ஈயம் போன்ற தனிமங்கள் வயிற்று அமிலம் போன்ற கரைசலில் எவ்வளவு கரைந்து வருகின்றன என்று பார்க்கும் சோதனை அது. குழந்தையை மனதில் வைத்துச் செய்ததுதான். துணுக்கை நாள்கணக்கில் வயிற்றில் வைத்து அரைக்கும் பறவைக்கு முழு உத்தரவாதம் ஆகாது. இருந்தாலும் ஒன்றும் போடாத டப்பாவை விட மேல்.

சிந்தெடிக் எனாமலும் ஆகும், ஆனால் வெறும் இரும்புக்கு மட்டும். ஜிஐ மேல் நேரடியாகச் சிந்தெடிக் எனாமல் அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதில் உள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். சில மாதங்களில் பெயிண்ட் தோல் உரிவது போல நீளநீளமாக உரியும். அடித்தவர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பழி வரும். உண்மையில் பொருத்தமே தவறு. உரிந்து தொங்கும் பெயிண்டை எந்தப் பறவை சும்மா விடும்? ஜிஐக்கு அடித்தே ஆக வேண்டுமென்றால், துத்தநாகப் பரப்பில் நேரடியாகப் பிடிக்கும் என்று டப்பாவிலேயே சொல்லும் அக்ரிலிக் வகைதான் சரி.

பிரைமர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் இரும்புக்கு பிரைமர் என்றால் கேட்காமலே ரெட் ஆக்சைடை எடுத்துக் கொடுப்பார்கள். ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, அதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் துருவைத் தடுப்பதற்காக அதோடு ஜிங்க் குரோமேட் சேர்த்த வகைகளும் உண்டு. மஞ்சளாக வரும் பிரைமர் பெரும்பாலும் ஜிங்க் குரோமேட்டேதான். துத்தநாகத்தைப் பறவையிடமிருந்து தள்ளி வைக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அதையே அடிக்கோட்டாகப் பூசுவதில் என்ன நியாயம்? டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஜிங்க், குரோமேட், லெட் என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் அலகு எட்டும் இடத்துக்கு வேண்டாம். ஸ்டாண்டின் காலுக்கு அடித்துக்கொள்ளலாம்.

நிறத்தில் என் பரிந்துரை கறுப்பு, வெள்ளை, இரும்பு ஆக்சைடில் வரும் காவிப் பழுப்பு. கறுப்புக்குக் கரியும், இக்கால வெள்ளைக்கு டைட்டானியம் ஆக்சைடும்தான் நிறமி. கறுப்புக் கம்பி கண்ணை உறுத்தாது, உள்ளே இருக்கும் பறவை தெளிவாகத் தெரியும். வெள்ளைக் கம்பி வெளிச்சத்தில் மின்னிப் பறவையை மறைக்கும். ஆனால் வெள்ளையில் அழுக்கும் துருவும் உடனே தெரியும், அது ஒரு வசதி. கோல்டன் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அந்தத் தங்க மினுமினுப்பு பெரும்பாலும் செம்பு, துத்தநாகக் கலவையின் தூள்தான். பூஞ்சை வராது, கிருமி கொல்லும் என்று விளம்பரம் செய்யும் பெயிண்டுகளையும் விட்டுவிடுங்கள். கொல்வதற்கென்று ஒரு மருந்து அதில் கலந்திருக்கிறது.

எவ்வளவு வாங்குவது? இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி உயரமுள்ள கூண்டு பெரிதாகத் தெரியும், ஆனால் கம்பிக்கு நடுவே எல்லாம் காற்றுதான். பெயிண்ட் படும் பரப்பு ஒரு சதுர மீட்டரைச் சுற்றித்தான் வரும். லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்து, சிந்துவதையும் சேர்த்தால், இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் டப்பா போதும், மிஞ்சும்.

பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்துவிடலாமா என்றால், பெரிய கூண்டுக்கு அதுதான் உத்தமம். பிரஷ் வேலையே இல்லை, கரைப்பான் வாசனை இல்லை. அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றிப் படலத்தை உருக்கிப் பிடிக்க வைப்பார்கள். சால்டரிங் செய்த கூண்டைக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமான ஈய, வெள்ளீயப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கூண்டு போய்க் கம்பிக் கட்டு திரும்பி வரும்.

பறவையை இடம் மாற்றுங்கள்

டப்பாவைத் திறப்பதற்கு முன் பறவை வேறு கூண்டில், வேறு இடத்தில் இருக்க வேண்டும். அடுத்த அறை போதாது; மாடியில் வேலை என்றால் பறவை கீழ்வீட்டில், முடிந்தால் தெரிந்தவர் வீட்டில். பறவையின் மூச்சு நம்முடையது போல இல்லை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து காற்றை ஒரே திசையில் ஓட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைக்கும். பறப்பதற்கு அது வரம், விஷ வாயு வந்தால் அதுவே சாபம். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவியைக் கொண்டுபோனதற்கு இதுதான் காரணம்: மனிதனுக்குத் தலை சுற்றும் முன் குருவி விழுந்துவிடும். தின்னர் வாசனை நமக்கு லேசாக வருகிறது என்றால் பறவைக்கு அது லேசானதல்ல.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுத்தால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும், சுரண்டிய இரும்பு மறுநாளே சிவக்கும். தை முதல் பங்குனி வரை நல்லது. சித்திரை வெயிலில் காலை வேளையில் நிழலில் அடியுங்கள். சுடுகம்பியில் பெயிண்ட் பட்டவுடன் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கொப்புளம் கட்டும்.

கழுவுவது, சுரண்டுவது

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் அதிகம் போகும். பெயிண்ட் அடிப்பது அரை நாள் வேலை, தயார் செய்வது அதற்கு இரண்டு மூன்று மடங்கு.

தட்டு, தீனிக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், ஊஞ்சல், உட்காரும் குச்சி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மரக்குச்சி பழையது என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேம்பு, கொய்யாக் கிளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கு ஒருபோதும் பெயிண்டோ வார்னிஷோ வேண்டாம்.

காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊற விடுங்கள். கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியில் மனிதருக்கும் நுரையீரல் காய்ச்சல் தரக்கூடிய கிருமி இருக்கலாம், அதனால் மாஸ்க் அவசியம். ஊறிய பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கம்பி கம்பியாகத் தேயுங்கள். கிருமி நீக்க பிளீச்சிங் கரைசல் போட வேண்டுமென்றால் அழுக்கு போன பிறகு போட்டு, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரால் அலசிவிடுங்கள். பிளீச்சிங்கோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கடலோர ஊர் என்றால் வெறும் தண்ணீரில் இன்னும் ஒருமுறை அலசுங்கள். உப்பு மிச்சமிருந்தால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு வளரும்.

பழைய பெயிண்டை எடுக்க ஈர முறைதான். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் வாங்குங்கள். 120 நம்பர் தாளில் தொடங்கி 220-இல் முடிக்கலாம். கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் செய்தித்தாள். வாட்டர் பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் கம்பியின் நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் தேயும். கம்பிகள் சந்திக்கும் இடத்தில் சிறிய கம்பி பிரஷ்தான் எட்டும். அங்கேயும் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். வழிந்த சேற்றைத் துணியால் துடைத்து, செய்தித்தாளோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செடித் தொட்டியிலோ சாக்கடையிலோ கழுவி விடாதீர்கள். வேலை முடிந்ததும் அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்து, கை கழுவிவிட்டுத்தான் காபி.

சிறிய துருப் பாகங்களை, அதாவது கொக்கி, தாழ்ப்பாள், தட்டுச் சட்டம் போன்றவற்றை, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைப்பது எளிது. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டுச் சில மணி நேரம் விட்டால் துரு இளகிவிடும். எடுத்தவுடன் அலசி, துடைத்து, உடனே காய வையுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் மறுபடி செம்மை படரும். ஜிஐ பாகத்தை இதில் போடாதீர்கள், பூச்சு கரைந்துவிடும்.

ஜிஐ வலைக்கு வேலை வேறு. வினிகரும் தண்ணீரும் கலந்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளைப் பொடியை எடுங்கள். துருத்தும் உருண்டைகளை அரத்தால் தேய்த்து எடுங்கள். அப்புறம் அலசிக் காய வையுங்கள். இது உதிரக்கூடிய துத்தநாகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், முழுதாக நீக்காது. பூச்சு போய் உள்ளே இரும்பு துருப்பிடித்த ஜிஐ வலையை மீட்கவே பார்க்காதீர்கள். வெட்டு பிளையரால் எடுத்துவிட்டு, 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைச் சட்டத்தோடு அதே ஸ்டீல் கம்பியால் கட்டிவிடுங்கள். ஜிஐ வலையை விட விலை நிறையவே அதிகம். ஆனால் அதற்கு பெயிண்டும் தேவையில்லை, துருவும் தொல்லை தராது, பறவை கடித்தாலும் ஒன்றும் பெயராது. வெட்டிய முனைகளை உள்ளே நீட்டாமல் வெளிப்பக்கம் மடக்குங்கள்.

பெயிண்ட் அடிப்பது

கூண்டு முற்றிலும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். தின்னர் அல்லது ஸ்பிரிட் நனைத்த துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்து, அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

கூண்டைத் தரையில் வைத்து அடித்தால் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கொக்கியிலோ துணிக்கொடிக் கம்பியிலோ தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உள்பக்கத்தை முதலில் அடித்து, வெளிப்பக்கம் பிறகு. தலைகீழாக ஒரு கோட், நேராகத் தொங்கவிட்டு ஒரு கோட் என்று அடித்தால் விட்டுப்போன இடங்கள் கண்ணில் பட்டுவிடும்.

கம்பிக்கு பிரஷ் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் பிரஷ்ஷை விட எனக்குப் பிடித்தது பழைய சாக்ஸ். கையில் ரப்பர் கையுறை, அதன் மேல் சாக்ஸ். அதை பெயிண்டில் லேசாகத் தொட்டு, கம்பியைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் சுற்றிலும் ஒரே மெல்லிய படலமாகப் பிடிக்கும். சந்திப்புகளை மட்டும் பிரஷ்ஷால் தொட்டு முடிக்கலாம். ஸ்ப்ரே டப்பா கம்பிக் கூண்டுக்கு வீண், பாதிக்கு மேல் கம்பிகளுக்கு நடுவே காற்றில் போய்ப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் படியும். சட்டத்துக்கும் ஸ்டாண்டுக்கும் வேண்டுமானால் ஸ்ப்ரே நன்றாக இருக்கும்.

மெல்லிய கோட் என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே அடியில் மூடிவிட வேண்டும் என்று தடியாக அடித்தால் சந்திப்புகளில் சொட்டு தேங்கும். அந்தச் சொட்டு மேலே காய்ந்து உள்ளே மாதக்கணக்கில் மென்மையாக இருக்கும், அலகுக்குப் பிடிமானமும் அதுதான். முதல் கோட்டில் கம்பி அங்கங்கே தெரிந்தால் தெரியட்டும். சொட்டு கண்ணில் பட்டவுடன் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் 320 தாளால் தேய்த்துவிட்டு அடுத்த கோட்.

தண்ணீரில் கரையும் எனாமல் என்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். சிந்தெடிக் என்றால் ஒரு இரவு விடுங்கள். கதவுக் கீல், ஸ்பிரிங், தாழ்ப்பாள் ஆகியவற்றில் பெயிண்ட் புகாமல் பாருங்கள். காயும்போது கதவைப் பலமுறை திறந்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு பிறகு பிய்த்துத்தான் திறக்க வேண்டும். தட்டின் உள்பக்கத்துக்கு பெயிண்ட் அடிப்பதில் அர்த்தமில்லை, ஈர எச்சம் எதையும் தின்றுவிடும். அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டோ எவர்சில்வர் தட்டோ வாங்கி உள்ளே வைத்துவிடலாம்.

மூங்கில் கூண்டாக இருந்தால் இதில் எதுவும் வேண்டாம். கழுவி வெயிலில் காய வைத்தால் சரி.

காய்வது வேறு, இறுகுவது வேறு

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பெயிண்ட் தயார் என்று அர்த்தம் இல்லை. மேல்தோல் காய்ந்த பிறகும் உள்ளே இருக்கும் கரைப்பான் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சிந்தெடிக் எனாமல் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் படிப்படியாக இறுகும் வகை, அதற்கு வாரங்கள் ஆகும். அக்ரிலிக்குக்கு இரண்டு வாரம், சிந்தெடிக்குக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூட்டுங்கள். காற்றோட்டமான நிழலில் தொங்கட்டும்.

இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, மறைவான இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. இரண்டாவது, கூண்டைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஒரு நாள் வெயில் படும் இடத்தில் வைத்து, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் மறுபடி தொங்கவிட வேண்டியதுதான். வீட்டில் பெயிண்ட் வாசனைக்குப் பழகாத மூக்கு ஒன்றைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள்; உங்கள் மூக்கு இத்தனை நாளில் மரத்திருக்கும்.

இரண்டிலும் தேறினால் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, காய வைத்துவிட்டுப் புதுக் குச்சிகளைப் பொருத்துங்கள். குச்சிகளைக் கம்பிக்கு மிக அருகில் வைக்காமல் நடுவில் வையுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியைக் கடிக்க வாய்ப்பு குறையும். கடிப்பதற்கென்று முருங்கைக் குச்சி, தென்னை ஓலை, கணவாய் ஓடு எதையாவது தொங்கவிடுங்கள். அலகுக்கு வேலை கொடுத்தால் பெயிண்டைப் பாதி விட்டுவிடும்.

பறவை குடிபோன பிறகு

முதல் வாரம் தட்டில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். பெயிண்ட் துணுக்கு விழுந்தால் பளிச்சென்று தெரியும், எச்சத்தின் நிறமும் தெரியும். துணுக்கு கிடந்தால், அல்லது ஒரே இடத்தில் கம்பி பளபளத்தால், அந்தப் பறவைக்கு பெயிண்ட் அடித்த கம்பி ஒத்துவரவில்லை என்று பொருள். அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது ஸ்டீல் வலை போட்டுவிடுங்கள். மேலே இன்னொரு கோட் அடிப்பது கடிக்க இன்னும் கொஞ்சம் போடுவதுதான்.

ஈயமோ துத்தநாகமோ உள்ளே போயிருந்தால் பறவை இறகை உப்பிக்கொண்டு ஒதுங்கும், வாந்தி எடுக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும் அல்லது கடும் பச்சையாகும். முற்றினால் கால் தடுமாறும், வலிப்பு வரும். பட்ஜி போன்ற சின்ன உடம்பு நோயை மறைத்து மறைத்துக் கடைசியில்தான் காட்டும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கை வைத்தியமும் வேண்டாம். எக்ஸ்ரேயில் உலோகத் துணுக்கு தெரியும், உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்தும் இருக்கிறது. சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று பறவை வாங்கிய அன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பெயிண்ட் டப்பாவை, அல்லது அதன் பின்பக்கத்தின் படத்தையாவது, கையோடு கொண்டுபோங்கள். என்ன பூசினீர்கள் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.